மூன்று வீடு இருந்தால் மூன்று மடங்கு டாக்ஸ் கிரெடிட்டா?

நியூஜெர்சி எடிசனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். சேர்ந்தே வரி தாக்கல் செய்கிறார்கள். இரண்டு பிள்ளைகளும் எடிசனில் பள்ளிக்குப் போகிறார்கள். எடிசன் வீட்டைத் தவிர, பென்சில்வேனியாவின் போக்கனோஸ் மலைப்பக்கம் 2022-இல் வாங்கிய கேபின் ஒன்று இருக்கிறது. வாரக் கடைசியிலும் கோடை விடுமுறையிலும் அங்கே போய்த் தங்குகிறார்கள். இதுவரை யாருக்கும் வாடகைக்கு விட்டதில்லை. மூன்றாவது ஒரு டவுன்ஹவுஸ். முன்பு அதில் குடியிருந்தார்கள், இப்போது ஐந்து வருடமாக வாடகையில் இருக்கிறது.

2025-இல் மூன்று வீட்டிலும் எரிசக்தியை மிச்சப்படுத்தும் வேலை நடந்திருக்கிறது. அதற்கு அமெரிக்க மத்திய அரசு வரியிலிருந்தே கழித்துக்கொடுக்கும் தொகை, அதாவது டாக்ஸ் கிரெடிட், எவ்வளவு என்பதுதான் விஷயம். எடிசனில் ஜன்னல்கள், அட்டிக் இன்சுலேஷன் (கூரைக்கடியில் வெப்பத் தடுப்பு), எனர்ஜி ஆடிட் (எங்கெல்லாம் சக்தி வீணாகிறது என்று பார்க்கும் ஆய்வு). கேபினில் ஜன்னல்கள், ஹீட் பம்ப் (வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் செய்யும் மின் கருவி), கூரையில் சோலார், அதோடு ஒரு பேட்டரி. டவுன்ஹவுஸில் ஹீட் பம்ப்பும் ஜன்னல்களும், 16,000 டாலர் செலவு. எடிசனுக்கும் ஒரு ஹீட் பம்ப்புக்கு டிசம்பரில் முன்பணம் கட்டினார்கள். ஆள் வந்து மாட்டியது ஜனவரி 2026-இல். போதாததற்குக் கோயம்புத்தூரில் அப்பா பெயரில் உள்ள வீட்டுக்கும் இவர்கள் பணம் அனுப்பி சோலார் போட்டிருக்கிறார்கள்.

“ஒரு வீட்டுக்கு 3,200 டாலர் என்று படித்தேன். மூன்று வீட்டுக்கு 9,600. சோலார் பில் 34,000, அதில் 30 சதவீதம் 10,200. கோவையை விட்டுவிட்டாலே 19,800 டாலர் வருகிறது. சரிதானா?” என்பது அவர் கேள்வி. கூடவே ஒரு உபகேள்வி: “கேபினை என்னுடைய மெயின் ஹோம் (முதன்மையாகக் குடியிருக்கும் வீடு) என்றும், எடிசனை கணவருடைய மெயின் ஹோம் என்றும் காட்டினால் வரம்பு இரண்டு மடங்காகும் என்று கணவரின் நண்பர் சொல்கிறார். செய்யலாமா?”

அன்புள்ள சகோதரி,

கணக்கை இவ்வளவு விவரமாக எழுதி அனுப்புகிறவர்கள் குறைவு. பில்களின் நகலும் சேர்த்து அனுப்பியது இன்னும் நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இல்லாத இரண்டு விஷயங்கள் பில்லில் இருந்தன. முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்: 19,800 வராது. என் கணக்கில் 2025-க்கு 11,570 டாலர் வருகிறது. அது போக, நீங்கள் கேட்காமலே விட்ட 2024 கணக்கில் 600 டாலர் வரை கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

வரம்பு வீட்டுக்கு இல்லை, உங்களுக்கு

நீங்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது இரண்டு தனித்தனிக் கிரெடிட். ஜன்னல், இன்சுலேஷன், ஹீட் பம்ப் எல்லாம் வரிச் சட்டத்தின் 25சி பிரிவில் வரும். சோலாரும் பேட்டரியும் 25டி. இரண்டும் 30 சதவீதம் என்பதால் குழப்பம் வருவது இயல்பு.

25சி-க்கு ஆண்டு வரம்பு உண்டு. ஜன்னல், கதவு, இன்சுலேஷன், ஆடிட், ஏசி போன்றவை எல்லாம் சேர்த்து 1,200 டாலர். ஹீட் பம்ப், ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் வகைக்குத் தனியாக 2,000. இரண்டையும் கூட்டினால் நீங்கள் படித்த அந்த 3,200. ஆனால் இது வரி கட்டுகிறவருக்கு ஓர் ஆண்டுக்கு உள்ள வரம்பு. ரேஷன் கடையில் சர்க்கரை கார்டுக்குத்தான் அளந்து கொடுப்பார்கள், வீட்டில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று கேட்க மாட்டார்கள், அதே கதைதான். சேர்ந்து தாக்கல் செய்யும் கணவன் மனைவிக்கும் ஒரே 3,200தான், ஆளுக்கொன்று இல்லை. ஆகவே 9,600 என்ற எண்ணை இங்கேயே அடித்துவிடுங்கள்.

எடிசன் வீட்டைப் பார்ப்போம். இன்சுலேஷனுக்கு 2,600 டாலர் பில், அதில் 30 சதவீதம் 780 என்று போட்டிருக்கிறீர்கள். பில்லில் 1,100 டாலர் ஆள் கூலி. ஜன்னல், கதவு, இன்சுலேஷன் மூன்றுக்கும் பொருளின் விலைதான் சேரும், கூலி சேராது. எனவே 1,500-க்கு 30 சதவீதம், 450 டாலர். (ஹீட் பம்ப்புக்கும் சோலாருக்கும் கூலியும் சேரும். ஏன் இப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், சட்டம் எழுதியவர்களைக் கேட்க வேண்டும்.) ஜன்னலுக்கு வரம்பு 600. ஆடிட்டுக்கு நீங்கள் கொடுத்த 400 டாலருக்கு 120. அதன் வரம்பு 150. மொத்தம் 1,170. உங்கள் 1,200-இல் மிச்சம் 30 டாலர்.

ஜன்னல் விஷயத்தில் ஒரு சின்னக் கவலை இருக்கிறது. பில்லில் “எனர்ஜி ஸ்டார்” என்று மட்டும் போட்டிருக்கிறது. கிரெடிட் கிடைக்க “எனர்ஜி ஸ்டார் மோஸ்ட் எஃபிஷியன்ட்” தரம் வேண்டும், இரண்டும் ஒன்றல்ல. கான்ட்ராக்டரிடம் மாடல் எண்ணைக் கேட்டு, தயாரிப்பாளர் கொடுக்கும் சான்றிதழை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே, பொருளுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று பில்லைப் பிரித்தும் வாங்கிவிடுங்கள். இப்போது மாட்டிக் கொடுப்பதோடு சேர்த்து 10,400 என்று ஒரே வரியில் இருக்கிறது. ஜன்னல்களின் விலை மட்டும் 2,000 டாலரைத் தாண்டினாலே உங்களுக்கு 600 முழுதாகக் கிடைக்கும், தாண்டியிருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் காகிதம் கையில் இருக்க வேண்டும். 2025-இல் இருந்து ஜன்னலுக்கும் ஹீட் பம்ப்புக்கும் தயாரிப்பாளரின் நான்கு எழுத்துக் குறியீட்டை இந்தக் கிரெடிட்டுகளுக்கான 5695 படிவத்தில் எழுத வேண்டும். அது இல்லாமல் அனுப்பினால் கிரெடிட் போய்விடும். ஆடிட் அறிக்கையிலும் செய்தவர் தகுதிபெற்ற ஆடிட்டர்தான் என்ற சான்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கேபினில் எது சேரும், எது சேராது

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். “இரண்டாவது வீட்டுக்கு எதுவுமே கிடையாது” என்று ஒரு கூட்டம், “எல்லாமே உண்டு” என்று இன்னொரு கூட்டம். இரண்டும் தப்பு. 5695 படிவத்தை எடுத்து நீங்களே பார்க்கலாம். ஜன்னல், இன்சுலேஷன் பகுதியில் “உங்கள் மெயின் ஹோமிலா?” என்று கேட்கும். ஹீட் பம்ப் பகுதிக்கு வந்தால் அமெரிக்காவில் உள்ள வீடா என்று மட்டும் கேட்கும். சட்டத்திலும் அப்படித்தான். ஜன்னலுக்கும் இன்சுலேஷனுக்கும் அந்த வீடு உங்களுக்குச் சொந்தமாகவும் நீங்கள் முதன்மையாகக் குடியிருப்பதாகவும் இருக்க வேண்டும். ஹீட் பம்ப்புக்கு நீங்கள் வசிப்பிடமாகப் பயன்படுத்தும் வீடாக இருந்தால் போதும், அவ்வப்போது வந்து தங்கும் கேபின் ஆனாலும் சரி.

ஆகவே கேபின் ஜன்னல்களுக்குப் பூஜ்யம். கேபின் ஹீட் பம்ப்புக்கு உண்டு. பில் 9,500. மின் நிறுவனம் கொடுத்த 1,000 டாலர் ரிபேட்டை முதலில் கழிக்க வேண்டும், நீங்கள் கழிக்கவில்லை. 8,500-க்கு 30 சதவீதம் 2,550, வரம்பு 2,000. ரிபேட்டைக் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் உங்கள் கைக்கு வருவது அதே 2,000தான். ஆனாலும் படிவத்தில் சரியான தொகையை எழுதுங்கள்.

இப்போது எடிசன் ஹீட் பம்ப். முன்பணம் டிசம்பர், வேலை ஜனவரி. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான “ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்” சட்டம் 25சி-ஐ 2025 டிசம்பர் 31-உடன் முடித்துவிட்டது. மாட்டிப் பயன்பாட்டுக்கு வந்த தேதிதான் கணக்கு. ஒப்பந்தத் தேதி, முன்பணத் தேதி எதுவும் உதவாது. “பத்து நாளில் 2,000 டாலர் போச்சே” என்று எழுதியிருக்கிறீர்கள். போகவில்லை. அந்த 2,000-ஐ கேபின் ஹீட் பம்ப் அக்டோபரிலேயே தின்று தீர்த்துவிட்டது. எடிசனில் டிசம்பர் 20-ஆம் தேதியே மாட்டியிருந்தாலும் உங்களுக்கு ஒரு டாலர் கூட அதிகம் வந்திருக்காது. கான்ட்ராக்டரோடு சண்டை போட வேண்டாம்.

சோலாருக்கு வருவோம். 25டி-க்கு ஆண்டு வரம்பு கிடையாது, மெயின் ஹோமாகவும் இருக்கத் தேவையில்லை. பேட்டரி 3 கிலோவாட்-அவர் கொள்ளளவாவது இருக்க வேண்டும், உங்களுடையது 10. எல்லாம் சரி. ஆனால் 34,000 டாலர் பில்லின் நான்காவது வரியில் “கூரை ஷிங்கிள் மாற்றம், 6,000” என்று இருக்கிறது. சோலார் விற்கிறவர்கள் “கூரையையும் இதிலேயே சேர்த்துவிடலாம், அரசாங்கமே 30 சதவீதம் கொடுக்கும்” என்று சொல்லி விற்பதை அடிக்கடி பார்க்கிறேன். சாதாரண ஷிங்கிள், அதாவது கூரை மேல் போடும் ஓடு, மழை வெயிலைத் தடுப்பதற்கு, மின்சாரம் எடுப்பதற்கு இல்லை, அது சேராது. மீதி 28,000-க்கு 30 சதவீதம், 8,400 டாலர்.

பேனல் நவம்பரில் ஏறிவிட்டது, டவுன்ஷிப் இன்ஸ்பெக்‌ஷனும் நவம்பரிலேயே முடிந்தது, ஆனால் மின் நிறுவனத்தின் இயக்க அனுமதி ஜனவரியில்தான் வந்தது என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். 25டி-யும் 2025-உடன் முடிந்துவிட்டதால் கவலை நியாயமானதுதான். இந்தப் பிரிவில், பொருத்தும் வேலை எப்போது முடிந்ததோ அப்போது செலவு செய்ததாகக் கொள்கிறார்கள். மின் நிறுவனத்தின் அனுமதியைப் பற்றிச் சட்டத்தில் பேச்சில்லை. என் பார்வையில் இது 2025 செலவு. இன்ஸ்பெக்‌ஷன் முடிந்த சான்றையும் கான்ட்ராக்டரின் கடைசி பில்லையும் பத்திரமாக வையுங்கள். இனி நெட் மீட்டரிங்கில் (மிஞ்சும் சோலார் மின்சாரத்தை மின் நிறுவனம் உங்கள் கட்டணத்தில் கழிப்பது) மின் கட்டணம் குறைந்தால் அதற்காக இந்தக் கிரெடிட்டைக் குறைக்க வேண்டியதில்லை.

ஒரு விஷயம் மட்டும் உங்களிடம் உறுதியாகத் தெரிய வேண்டும். கேபினை 2025-இல் ஏர்பிஎன்பி-யில் போட்டதே இல்லை அல்லவா? உங்கள் கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. 8,400 டாலரும் அந்த 2,000-மும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் நிற்கின்றன. ஒரு வீட்டின் வணிகப் பயன்பாடு 20 சதவீதத்தைத் தாண்டினால் சொந்தப் பயன்பாட்டுப் பங்குக்கு மட்டும்தான் கிரெடிட். முழுக்க வாடகைக்கு விட்ட வீடானால் எதுவுமே கிடையாது. வரும் கோடையில் இரண்டு வாரம் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பின்னால் வாடகைக்கு விட்டால் கிரெடிட்டைத் திருப்பிக் கட்டு என்று சொல்லும் விதி இந்தப் பிரிவில் இல்லை. ஆனால் சோலார் போடும்போதே வாடகைக்கு என்ற திட்டம் இருந்ததாகத் தெரிந்தால் கேள்வி வரும். என்னைக் கேட்டால், இந்தக் கோடையை நீங்களே அனுபவியுங்கள்.

கணவரின் நண்பர் சொன்ன வழி

நண்பர் முழுக்கப் பொய் சொல்லவில்லை. கணவனும் மனைவியும் உண்மையாகவே தனித்தனி மெயின் ஹோமில் பிரிந்து வசித்தால் 25சி வரம்பு ஒவ்வொருவருக்கும் தனியாக உண்டு. ஒருவர் வேலைக்காக டெக்சஸில் வீடு வாங்கி வருடம் முழுக்க அங்கே இருக்கிறார், மற்றவர் பிள்ளைகளோடு நியூஜெர்சியில் இருக்கிறார் என்றால் அது பொருந்தும். சனி ஞாயிறு எல்லோரும் ஒரே காரில் ஏறிப் போய் வரும் கேபினுக்குப் பொருந்தாது.

மெயின் ஹோம் எது என்பதை நாம் சொல்வதை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். அதிக நாள் எங்கே தங்குகிறீர்கள், ஓட்டுநர் உரிமத்தில் என்ன முகவரி, வாக்காளர் பதிவு எங்கே, வேலை எங்கே, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் என்று பார்ப்பார்கள். உங்கள் வீட்டில் எல்லாமே எடிசன் என்று சொல்லும். பிடிபட்டால் கிரெடிட்டை வட்டியோடு திருப்பிக் கட்டுவது மட்டுமில்லாமல், குறைத்துக் கட்டிய வரியின் மேல் 20 சதவீதம் அபராதமும் வரலாம்.

அதைவிடப் பெரிய தொந்தரவு வேறு. எடிசன் வீட்டை விற்கும் நாளில் லாபத்தில் 5 லட்சம் டாலர் வரை வரி இல்லாமல் போக வேண்டுமானால், கடைசி ஐந்து வருடத்தில் குறைந்தது இரண்டு வருடமாவது இருவருமே அதை முதன்மை வீடாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும். “நான் அங்கே குடியிருக்கவில்லை, கேபினில்தான் இருந்தேன்” என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் அப்போது உங்களுக்கு எதிராகவே நிற்கும். நியூஜெர்சியின் ஆங்கர் சொத்துவரி நிவாரணம் வாங்குகிறவராக இருந்தால் அங்கேயும் இடிக்கும். இதில் அதிகபட்சம் கிடைக்கக்கூடியது கேபின் ஜன்னலுக்கு ஒரு 600 டாலர். அதற்காக இதைச் செய்ய வேண்டாம்.

டவுன்ஹவுஸும் கோவை வீடும்

டவுன்ஹவுஸுக்கு 25சி, 25டி இரண்டும் கிடையாது. நீங்கள் அங்கே குடியில்லை, வாடகைதாரர் இருக்கிறார். ஆனால் அந்த 16,000 டாலர் வீணாகவில்லை. வீட்டு வாடகைச் சொத்தில் செய்த இந்த மாதிரி மாற்றங்களை 27.5 வருடத்தில் தேய்மானமாகக் கழிக்கலாம். முழு வருடத்துக்கு ஏறக்குறைய 582 டாலர் வாடகை வருமானத்திலிருந்து, வாடகைக் கணக்குக் காட்டும் படிவமான ஷெட்யூல் ஈ-யில் குறையும். நீங்கள் போன வருடம் ஷெட்யூல் ஈ-யில் நட்டம் காட்டியிருக்கிறீர்கள். இருவரின் வருமானமும் சேர்ந்து 1,50,000 டாலரைத் தாண்டுவதால் அந்த நட்டம் சம்பளத்தில் கழியாது, பின்வரும் ஆண்டுகளுக்குச் சேர்ந்துகொண்டே போகும். விற்கும் வருடத்தில் பயன்படும். எண்ணை மறந்துவிடாதீர்கள்.

கோவை வீட்டுக்கு அமெரிக்காவில் ஒன்றும் இல்லை. இரண்டு பிரிவுமே அமெரிக்காவில் உள்ள வீட்டுக்கு மட்டும்தான், பணம் யார் அனுப்பினாலும். அந்த வீட்டுக்கு உதவி இருப்பது அங்கேயே. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள வீட்டு சோலாருக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் கொடுக்கிறது. மின் இணைப்பு அப்பா பெயரில்தான் இருக்கிறது என்கிறீர்கள். சோலார் போட்டவர் அந்தத் திட்டத்தில் பதிந்துதான் செய்தாரா என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

2024-இல் விட்டது

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: 2024-இல் எடிசனில் சென்ட்ரல் ஏசி மாற்றினீர்கள், “வாழ்நாளில் ஒருமுறைதான், 500 டாலர்தான்” என்று கேள்விப்பட்டு, அதை எப்போதோ கதவுக்கு வாங்கிவிட்டதால் விட்டுவிட்டீர்கள். அந்த வாழ்நாள் வரம்பு 2022 வரைதான். 2022 ஆகஸ்டில் வந்த இன்ஃப்ளேஷன் ரிடக்‌ஷன் சட்டம் 2023 முதல் அதை ஆண்டு வரம்பாக மாற்றிவிட்டது. பழையதை வாங்கியிருந்தாலும் தடையில்லை. அந்த ஏசி மாடல் அந்த ஆண்டுக்கான உயர் செயல்திறன் தரத்தில் இருந்தால் 30 சதவீதம், அதிகபட்சம் 600 டாலர். தயாரிப்பாளரின் இணையதளத்தில் மாடல் எண்ணைப் போட்டுச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 2024-க்கு 1040-எக்ஸ் என்ற திருத்தக் கணக்குப் படிவத்தோடு 5695-ஐச் சேர்த்து அனுப்பலாம். 2024 கணக்கை 2025 ஏப்ரலில் தாக்கல் செய்திருப்பதால் 2028 ஏப்ரல் 15 வரை நேரம் இருக்கிறது.

2025 கணக்குக்கு அவ்வளவு நேரம் இல்லை. 25சி-யில் பயன்படுத்தாததை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடியாது. கிரெடிட் உங்கள் வரியைப் பூஜ்யம் வரைதான் குறைக்கும். அதற்குக் கீழே போகாது. உங்கள் இருவர் சம்பளத்துக்கு வரும் மொத்த வரி 11,570-ஐ நன்றாகவே தாண்டும் என்பதால் அந்தப் பயம் வேண்டாம். சம்பளத்தில் ஏற்கெனவே பிடித்தம் ஆகிவிட்டதே என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால் என்ன, ரீஃபண்டாக வரும்.

ஜன்னல் கான்ட்ராக்டரிடமிருந்து காகிதம் வரத் தாமதமானால் அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம். 4868 படிவம் கொடுத்தால் தாக்கல் செய்ய 2026 அக்டோபர் 15 வரை நேரம் கிடைக்கும். கட்ட வேண்டிய வரி ஏதாவது இருந்தால் அதை மட்டும் 2026 ஏப்ரல் 15-க்குள் கட்டிவிடுங்கள். அப்புறம், இந்தப் பில்களை எல்லாம் வீட்டுப் பத்திரத்தோடேயே வையுங்கள். வீட்டின் அடக்கவிலையில் இந்தச் செலவைச் சேர்க்கலாம், ஆனால் வாங்கிய கிரெடிட்டைக் கழித்துவிட்டு. கேபினுக்கு மெயின் ஹோம் விலக்கு கிடையாது என்பதால், அதை விற்கும்போது சோலாரின் 28,000-இல் 8,400 போக 19,600-உம், ஷிங்கிளுக்குக் கொடுத்த 6,000-உம், கிரெடிட் கிடைக்காத ஜன்னல் செலவு முழுவதும் உங்கள் லாபத்தைக் குறைக்கும்.